தேர்வுலகில் காகத்துக்கு இடமின்மை: ஒரு முதற்கட்ட ஆய்வு

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 வினாத்தாளின் 200 கேள்விகளுக்குள் தனியாக ஓர் உலகம் இயங்கி வருகிறது. அங்கும் விலங்குகள் உண்டு, உலோகங்கள் உண்டு, கோள்கள் சுற்றுகின்றன. ஆனால் அங்கே குடியிருப்பவர்கள் யார், எந்தத் தகுதியில் உள்ளே விடப்பட்டார்கள் என்பதை யாரும் முறைப்படி விசாரித்ததாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். சான்றுகள்: முந்தைய ஆண்டு வினாத்தாள்கள், சமச்சீர்ப் புத்தகங்களின் புக்-பேக் கேள்விகள், பேருந்து நிலையக் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கும் பொது அறிவு நூல்கள், நூலக வாசலில் மரத்தடியில் வாய்விட்டுப் படிக்கும் தேர்வர்கள்.

ஆய்வாளரின் கருதுகோள் எளிது. தன் இனத்தின் பொது வழக்கத்தை மீறிய ஒன்றுக்கு மட்டுமே தேர்வுலகில் குடியுரிமை கிடைக்கும். ஒழுங்காக நடந்துகொண்டவர்களுக்கு அங்கே ரேஷன் கார்டுகூடக் கிடையாது.

முதலையை எடுத்துக்கொள்வோம். ஊர்வனவற்றின் இதயத்துக்கு மூன்று அறைகள் என்று பாடம் சொல்ல, முதலை மட்டும் நான்கு அறைகளோடு வந்து நின்றது. அன்றிலிருந்து அதற்கு நிரந்தர வேலை. காகத்துக்கும் நான்கறை இதயம்தான். ஆனால் எல்லாப் பறவைக்கும் அப்படியே இருப்பதால் அதைக் கேட்க ஆளில்லை. முட்டையிடும் பாலூட்டி என்ற பெயரில் பிளாட்டிபஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து தர்மபுரி தேர்வரின் நோட்டுப்புத்தகத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதே வேலையைச் செய்யும் எக்கிட்னாவை அடுத்த பக்கத்தில் தேட வேண்டியிருக்கிறது. பறக்கும் ஒரே பாலூட்டியான வவ்வாலின் கதை இன்னும் விசித்திரம். உலகின் பாலூட்டி இனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வவ்வால்களே. ஆயிரத்து நானூறுக்கும் மேல் இனங்கள். இவ்வளவு பெரிய கூட்டத்தை விதிவிலக்கு என்று சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும். மரத்தடியில் ஒரு தம்பி, “அண்ணே, வவ்வால் என்ன திங்கும்?” என்று கேட்டான். “அது சிலபஸ்ல இல்லப்பா, அடுத்ததப் படி” என்றார் அண்ணன். கள ஆய்வில் இதைவிடத் தெளிவான சான்று கிடைக்கவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். எறும்பும் பல்லியும் புளியும் தேர்வில் வருகின்றனவே, அவை என்ன விதிவிலக்கு? உண்மைதான், ஆனால் முழு உடம்போடு வருவதில்லை. எறும்பு பார்மிக் அமிலமாக மட்டும் வரும். புளி டார்டாரிக் அமிலமாக, எலுமிச்சை சிட்ரிக் அமிலமாக, தயிர் லாக்டிக் அமிலமாக வரும். பல்லிக்கு அறுந்து விழும் வால் மட்டும் அனுமதி, மீதிப் பல்லி வெளியே காத்திருக்க வேண்டும். காகத்துக்கு இந்தப் பகுதி நேரச் சலுகையும் இல்லை. அது எப்போதாவது உள்ளே வந்தால் குயில் முட்டைக்குக் காவலாளியாக வரும். கேள்வி என்னவோ குயிலைப் பற்றியதுதான்.

ஆய்வின் நடுப்பகுதி ஒட்டகத்துக்கு உரியது. முதிர்ந்த சிவப்பணுக்களில் உட்கரு இல்லாதிருப்பது பாலூட்டிகளின் பொது இயல்பு. இந்த விதிக்கும் ஒருவர் அடங்காமல் இருந்தாக வேண்டும் அல்லவா? ஒட்டகத்தையும் லாமாவையும் பிடித்து வந்து, இவற்றின் சிவப்பணுக்களில் உட்கரு உண்டு என்று பழைய வழிகாட்டி நூல்கள் பல எழுதிவைத்தன. ஒட்டகத்தின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு கிடையாது. அது வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும், அவ்வளவே. நீரிழப்பால் ரத்தம் கெட்டிப்பட்டாலும் அந்த வடிவம் ஓட்டத்துக்கு உதவுகிறது; பிறகு ஒட்டகம் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும்போது அணுக்கள் உப்பினாலும் சட்டென்று வெடிப்பதில்லை. வியக்க இதுவே போதும். தேர்வுலகத்துக்குப் போதவில்லை, எனவே இல்லாத உட்கருவை உள்ளே வைத்துத் தைத்துவிட்டார்கள். நீள்வட்டமும் உட்கருவும் ஒருசேர அமைந்த சிவப்பணு வேண்டுமென்றால், மதில்மேல் உட்கார்ந்து அமாவாசைச் சோற்றுக்குக் கரைந்துகொண்டிருக்கும் காகத்தின் உடம்பில் அது கோடிக்கணக்கில் ஓடுகிறது. யாரும் கேட்கவில்லை.

வானியலில் நிலைமை வேறு. அங்கே விதிவிலக்குகளே நிலையாக நிற்பதில்லை. 2006 ஆகஸ்டில் புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அதன் பிறகுதான் அதன் செல்வாக்கு கூடியது: ஒன்பதில் ஒன்றாக இருந்தவரை கவனிப்பாரில்லை, நீக்கப்பட்டதும் தனிக் கேள்வியாகப் பதவி உயர்வு. அதிக நிலவுகள் கொண்ட கோள் எது என்பது மேலும் கொடுமை. வெகுகாலம் வியாழன். 2019இல் 82 நிலவுகளோடு சனி முந்தியது. 2023 பிப்ரவரியில் வியாழன் 92 என்று திருப்பி அடித்தது. அதே ஆண்டு மே மாதம் சனி 145. 2025 மார்ச்சில் 274. பிப்ரவரியில் புத்தகம் வாங்கி ஜூனில் தேர்வு எழுதியவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஏழரைச் சனி என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இறுதியாக உலோகங்கள். “அறை வெப்பநிலையில் திரவமாக உள்ள உலோகம் எது?” பாதரசம் என்பது விடை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். பாதரசம் கழித்தல் 39 டிகிரிக்கு அருகிலேயே உருகிவிடும், அதில் தகராறில்லை. தகராறு அறையில் இருக்கிறது. காலியம் 29.76 டிகிரி செல்சியஸிலும், சீசியம் 28.5 டிகிரி பக்கத்திலும் உருகும். புத்தகம் எழுதியவரின் அறை 25 டிகிரி. தேர்வரின் அறையோ ஜூன் மாதத்து வேலூரில், ஓர் அரசுப் பள்ளியின் மாடி வகுப்பு. மின்விசிறி சுற்றுவதாகப் பேர், சுற்றுவது வெந்நீர்க் காற்று. அந்த மேஜையில் ஒரு துண்டு காலியத்தை வைத்தால் ஹால் டிக்கெட் சரிபார்த்து முடிப்பதற்குள் அது வழிந்து ஓடும். சீசியத்தைக் கொண்டுவர வேண்டாம். வியர்வை பட்டால் தீப்பிடித்துத் தேர்வே ரத்தாகிவிடும். ஆக வேலூர் மையத்தில் அந்தக் கேள்விக்குக் குறைந்தது மூன்று சரியான விடைகள். கொடைக்கானல் மையத்தில் ஒன்றே ஒன்று. ஒரே மாநிலத்துக்கு ஒரே வினாத்தாள் என்ற கொள்கையை இது எப்படிப் பாதிக்கும் என்பது சட்டம் படித்தவர்கள் ஆராய வேண்டிய விஷயம்.

ஆயினும் இக்கட்டுரையைப் படிக்கும் தேர்வர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கு விருப்பங்களில் காலியமும் பாதரசமும் சேர்ந்தே இருந்தால், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கருப்பு பால்பாயிண்ட் பேனாவால் பாதரசத்தின் வட்டத்தையே நிரப்பவும். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். கட்-ஆஃப் அதிலேயே போய்விடும்.