பத்து மாதக் கணக்கு: ஃபுளோரிடா பூங்காத் துறைக்கு ஒரு தாழ்மையான விண்ணப்பம்

மேன்மை பொருந்திய ஃபுளோரிடா மாநிலப் பூங்காத் துறையின் சமூகத்திற்கு, சக்கரத்தின் மேல் குடித்தனம் நடத்துவோர் சார்பில் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

நாட்டின் சிறந்த பூங்கா நிர்வாகத்துக்கான தங்கப் பதக்கத்தை நான்கு முறை வாங்கியவர்கள் தாங்கள். 175 பூங்காக்களைக் கட்டி ஆள்பவர்கள். அத்தகைய தங்களிடம் குறை சொல்ல எங்களுக்கு நாக்கு கூசுகிறது. ஆனாலும் அடுத்த குளிர்காலத்துக்கான இடங்கள் ஒவ்வொரு நாளும் காலை 8 மணிக்குத் திறந்து, தேநீர் ஆறுவதற்குள் அடைபட்டுப்போகும் இந்தப் பருவத்தில், பதிவுப் பக்கம் எங்களிடம் கேட்கும் அந்த ஒரு கேள்வியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. ஃபுளோரிடா ஓட்டுநர் உரிம எண் இருக்கிறதா? இருந்தால் 11 மாதத்துக்கு முன்பே பதிவு செய்யலாம். இல்லையென்றால் நீ வெளியாள், 10 மாதத்துக்கு முன்புதான் வரலாம். 2023இல் சட்டமாகி, 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஏற்பாடு இது. பத்து மாதம் என்று குறித்த தங்கள் நயத்தை நாங்கள் மெச்சத்தான் வேண்டும். இன்றைக்குக் கருத்தரித்த குழந்தை பிறந்து, தொட்டிலில் போட்டு, பேர் வைத்த பிறகுதான் அதன் பெற்றோர் கீஸ் தீவுக்கூட்டத்திலுள்ள பாஹியா ஹோண்டா பூங்காவின் கடற்கரையில் வண்டியை நிறுத்தலாம். உள்ளூர்க்காரர்களுக்கு இன்னும் ஒரு மாதம் கூட்டி 11 ஆக்கியிருக்கிறீர்கள். அது குதிரையின் சினைக்காலம். பக்கத்து மாநிலமான ஜார்ஜியா 13 மாதம் வைத்திருக்கிறது, ஒட்டகக் கணக்கு. டெக்ஸஸ் 5 மாதம், வெள்ளாட்டுக் கணக்கு. மத்திய அரசின் முகாம்கள் பெரும்பாலும் 6 மாதம், கிட்டத்தட்டக் குரங்குக் கணக்கு. யானையின் 22 மாதத்தைத் தாங்கள் இன்னும் எட்டவில்லை என்பதால், அந்தப் பெருமையும் தங்களுக்குக் கிடைக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறோம்.

நாங்கள் கேட்பது சலுகை அல்ல. ஆர்.வி. என்னும் வீட்டு வண்டியிலேயே ஆண்டு முழுவதும் வாழ்கிறவர்கள் வெயிலைத் தேடித் தெற்கே வருகிறார்கள், வெயில் முற்றினால் வடக்கே போகிறார்கள். நாளை எங்கே என்பது இன்று மாலை முடிவாகும். ஒழுங்கில்லாதவர்கள், திட்டமிடத் தெரியாதவர்கள் என்று இதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. தங்கள் கடற்கரையின் இயல்பைக் கொஞ்சம் பார்த்துவிட்டு அவர்கள் பேசட்டும். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே புயல் பருவம். தேசியப் புயல் மையம், விமானத்தைப் புயலின் கண்ணுக்குள்ளேயே அனுப்பி அளந்த பிறகும், அது போகும் பாதையை 5 நாளைக்குத்தான் வரைந்து காட்டுகிறது. அதற்கு மேல் சொன்னால் பொய்யாகிவிடும் என்று அந்த விஞ்ஞானிகளுக்குத் தெரியும். தாங்களோ 11 மாதம் கழித்து ஒருவர் எந்தத் தேதியில், எந்த எண்ணுள்ள இடத்தில், எத்தனை இரவு தூங்குவார் என்று கேட்கிறீர்கள். 2017 செப்டம்பர் 10 அன்று இர்மா புயல் அதே தீவுக்கூட்டத்தின் கட்ஜோ கீயில் கரையேறியது. பாஹியா ஹோண்டாவின் சாண்ட்ஸ்பர் முகாம் அதில் சிதைந்து பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. முந்தைய ஆண்டே அங்கே இடம் பிடித்து வைத்திருந்த குதிரைக் கணக்குப் புத்திசாலிகளுக்கு அது என்ன பயன் தந்தது? தகரமும் நாரிழையும் கொண்டு கட்டிய எங்கள் வீடு ஒரு சூறைக்காற்றில் கவிழ்ந்துவிடும். சாவியைத் திருப்பினால் ஓடும் என்பதுதான் அதன் ஒரே பாதுகாப்பு. சூடான கடற்கரையில் திட்டத்தைத் தளர்த்தி வைத்திருப்பவர்தான் நிதானமானவர். தேதியைக் கல்லில் செதுக்கி வைத்திருப்பவர் சூதாடுகிறார்.

இனி, அந்தக் கணக்கு வேலை செய்யும் விதம். ஒரே பூங்காவில் தொடர்ந்து 14 இரவுகளுக்கு மேல் தங்கக் கூடாது என்பது தங்கள் விதி, நல்ல விதி. நவம்பர் முதல் மார்ச் வரை 151 இரவுகள். ஆக ஒரு குளிர்காலத்தைக் கழிக்க ஒரு குடும்பத்துக்குக் குறைந்தது 11 பதிவுகள் வேண்டும். பத்து மாதம் முன்பே 11 பிரசவத் தேதிகளைக் குறித்துக்கொடுக்க எந்த மருத்துவரும் துணியமாட்டார். முன்பதிவுக் காலம் வந்து சேரும் நாளிலிருந்து கணக்கிடப்படுவதால் இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது. பிப்ரவரி 10 வேண்டுமென்று சரியான நாளில், சரியான நொடியில் விரலை வைத்துக் காத்திருப்பவர் தோற்றுவிடுவார், ஏனென்றால் பிப்ரவரி 1 முதல் 14 இரவுகளைப் பிடித்தவர் அந்தப் பத்தாம் தேதியையும் ஒன்பது நாள் முன்பே விழுங்கியிருப்பார். அவருக்கே முதல் ஒன்பது இரவு தேவையா என்பது வேறு கதை. வேண்டாமென்றால் ரத்துக் கட்டணம் 17.75 டாலர். பதினேழே முக்கால் டாலருக்குப் பதினான்கு இரவுகளைப் பூட்டிவைக்கும் வசதியை எந்த வட்டிக்கடையும் தராது. விளைவு என்னவென்று தெரிந்துகொள்ள நிபுணர் குழு வேண்டாம். கணினியில் ‘இடமில்லை’. முகாமிலோ மாலை மங்கும் நேரத்தில் நிற்கும் எண் கம்பம், அதில் செருகிய சீட்டில் யாரோ ஒருவர் பெயர், பக்கத்தில் 30 ஆம்பியர், 50 ஆம்பியர் மின்செருகிகள் மூடி போட்டபடி, கீழே யாரும் திறக்காத தண்ணீர்க் குழாய், டயர் தடம் படாத சரளைக்கல். கூப்பிடு தூரத்தில் நெடுஞ்சாலையில் ஒரு வண்டி படுக்க இடமின்றித் திரும்பிப் போகிறது.

நீண்ட முன்பதிவு இப்படித்தான் முடியும் என்பதற்கு எங்கள் வாய்ச்சொல் போதாது என்றால், உலகத்திலேயே கூட்டத்தைச் சமாளிப்பதில் கைதேர்ந்த ஒரு நிறுவனத்தைச் சாட்சிக்கு அழைக்கிறோம். இந்திய ரயில்வே 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தது. சொன்ன காரணம்: 61 நாள் முதல் 120 நாள் வரை முன்னதாக எடுத்த டிக்கெட்டுகளில் நூற்றுக்கு 21 ரத்தாகின்றன, இன்னும் 4 முதல் 5 பேர் ரத்தும் செய்யாமல் வராமலே இருந்துவிடுகிறார்கள். நான்கு மாதத்துக்கே இந்தக் கதி என்றால் 11 மாதத்துக்கு என்ன கதி என்று தங்கள் கோப்புகளுக்குத் தெரியும். அறுபது நாள் என்பது ஏறக்குறையப் பூனை குட்டி போடும் காலம். கோடிக்கணக்கானவர்களை ஏற்றி இறக்கும் ரயில்வேக்குப் பூனைக் கணக்கு போதுமென்றால், சில ஆயிரம் முகாம் இடங்களுக்கு ஒட்டகமும் குதிரையும் எதற்கு?

உள்ளூர் மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் பூங்கா, அவர்களுக்கு முதல் உரிமை வேண்டாமா என்று தாங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி, ஆனால் கணக்கு இடிக்கிறது. ஃபுளோரிடாவில் தனிநபர் வருமான வரியே கிடையாது. மாநிலத்தின் பெரும் வருவாய் விற்பனை வரி, 6 சதவீதம். பெட்ரோல் பங்கிலும் உணவகத்திலும் வண்டிப் பட்டறையிலும் நாங்களும் பணத்தை இறக்கிவிட்டுத்தான் போகிறோம். 65 வயதுக்கு மேற்பட்ட உள்ளூர்க்காரர்களுக்கு முகாம் கட்டணத்தில் பாதி தள்ளுபடி கொடுக்கிறீர்கள், அதை யாரும் குறை சொல்லவில்லை. குறை வேறு. வீடே இல்லாதவர்களின் ஊர் எது என்பதை ஓட்டுநர் உரிமத்தை வைத்து முடிவு செய்கிறீர்களே, அந்த உரிமம் எப்படிக் கிடைக்கிறது என்று விசாரித்தீர்களா? ஆர்.வி.வாசிகளில் பலர் தெற்கு டகோட்டாவில் ஓர் இரவு தங்கிய ரசீதைக் காட்டி அங்கே உரிமம் எடுத்திருக்கிறார்கள். பலர் டெக்ஸஸின் லிவிங்ஸ்டனில் ஒரு தபால் பெட்டி வைத்திருக்கிறார்கள். இன்னும் பலர் ஃபுளோரிடாவிலேயே கிரீன் கோவ் ஸ்பிரிங்ஸில் தபால் அனுப்பித்தரும் நிறுவனத்தின் முகவரியில் பதிந்திருக்கிறார்கள். கடைசி வகையினர் ஆண்டு முழுக்க அரிசோனாவில் சுற்றினாலும் மண்ணின் மைந்தர்கள். ஐந்து மாதம் தங்கள் மண்ணிலேயே கிடந்து, தங்கள் கடையிலேயே உப்பு புளி வாங்கினாலும், டகோட்டாப் பெட்டிக்காரர் வெளியாள். இந்தச் சட்டம் உள்ளூர் மனிதர்களைக் காப்பாற்றவில்லை, உள்ளூர்த் தபால் பெட்டிகளைக் காப்பாற்றுகிறது.

தனியார் முகாம்களுக்குப் போகலாமே என்பார்கள். போகலாம். பாஹியா ஹோண்டாவில் ஓர் இரவுக்கு அடிப்படைக் கட்டணம் 36 டாலர். அதே தீவுக்கூட்டத்தில் தனியாரிடம் 100 டாலரைத் தாண்டும், சீசனில் அதற்கும் மேலே. வண்டி பத்து வருஷத்துக்கு மேல் பழசு என்றால் வாசலிலேயே கையை விரிக்கும் இடங்களும் உண்டு, பெண் பார்க்க வந்த வீட்டில் வயது கேட்பது போல. சாலையோர ஓய்விடத்தில் படுக்கலாமே? தங்கள் மாநிலத்தில் அங்கே 3 மணி நேரம்தான். ஊருக்குள் ஓரமாக நிறுத்தலாமே? 2024 அக்டோபர் 1 முதல், பொது இடத்தில் படுத்துறங்க உள்ளாட்சிகள் அனுமதி தரக் கூடாது என்று சட்டம். பதிவும் காப்பீடும் உள்ள வண்டிக்குள், சட்டப்படி நிறுத்தக்கூடிய இடத்தில் தூங்கினால் குற்றமில்லை என்று அதிலேயே கருணையோடு ஒரு விலக்கும் இருக்கிறது. சட்டப்படி நிறுத்தக்கூடிய அந்த இடம் எது என்று கேட்டால் விரல் மறுபடியும் தங்கள் பதிவுப் பக்கத்தையே காட்டுகிறது.

நிலம் குறைவு, ஆசைப்படுகிறவர்கள் அதிகம், துறை என்ன செய்யும் என்று தங்களுக்காக வாதாடும் நல்லவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்டில் ஒன்பது பூங்காக்களில் என்னென்ன கட்டலாம் என்று ஒரு பட்டியல் வெளியே வந்தது. ஜொனாதன் டிக்கின்சன் பூங்காவில் கோல்ஃப் மைதானங்கள். அனஸ்டாஸியாவிலும் டாப்செயில் ஹில்லிலும் 350 அறைகள் வரை கொண்ட விடுதிகள். பிக்கிள்பால் ஆடுகளங்கள். அப்போது மட்டும் நிலம் எங்கிருந்து வந்தது? மக்கள் கருத்துக் கேட்பதற்குத் தாங்கள் கொடுத்த அவகாசம் ஏறக்குறைய ஒரு வாரம். கூட்டங்கள் எல்லாம் ஒரே நாளில், ஒரே நேரத்தில், வெவ்வேறு ஊர்களில். மணலில் 14 இரவு படுக்க எங்களிடம் 11 மாத முன்னறிவிப்பு கேட்பவர்கள், அந்த மணலையே புரட்டிப்போடத் தங்களுக்கு ஒரு வாரம் போதுமென்று நினைத்தீர்கள். அது நெகிழ்வுத் திட்டமாம், எங்களுடையது ஊர்சுற்றலாம்! கட்சி பேதமில்லாமல் மக்கள் தெருவில் இறங்கியதால்தான் அது நின்றது. 2025இல் கோல்ஃபும் பெரிய விடுதியும் கூடாதென்று சட்டமன்றம் சட்டமே போட வேண்டியதாயிற்று. அந்தக் கூட்டத்தில் தாங்கள் வெளியார் என்று தள்ளிவைத்தவர்களும் நின்றார்கள், உரிம எண்ணைக் கேட்டு யாரும் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை.

குரல் சற்று உயர்ந்துவிட்டது, தங்கள் பெருந்தன்மை பொறுத்தருளும்.

முன்பதிவை அடியோடு ஒழித்தால் ஜனம் நூறு மைல் ஓட்டிவந்து வாசலில் ஏமாந்து போகுமே என்பது கடைசித் தடை. உண்மைதான். கீ வெஸ்ட்டுக்குப் போகும் சாலை ஒற்றைச் சாலை, 37ஆம் மைல்கல்லிலுள்ள பாஹியா ஹோண்டாவில் இடமில்லை என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு நெடுந்தூரம் வந்த வழியே போக வேண்டும். ஆகவே ஒழிக்கச் சொல்லவில்லை, பங்கிடச் சொல்கிறோம். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் முகாம் இடங்களில் ஒரு பங்கை 14 நாளைக்கு முன்புதான் திறக்கிறார்கள், வானம் இடிந்து விழவில்லை. குதிரைப் பிரியர்களுக்கும் பிள்ளைத்தாய்ச்சிக் கணக்குக்காரர்களுக்கும் பாதிக்கு மேலேயே விட்டுவிடுங்கள். மிச்சத்தில் ஒரு பங்கை ஒரு வாரம் முன்பும், இன்னொரு பங்கை இரண்டு நாள் முன்பும் திறந்துவிடுங்கள். முதல் இரவு வராதவரின் இடத்தை மறுநாள் பகலிலேயே வேறொருவருக்குக் கொடுங்கள். பிடித்துவைத்த இரவுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ரத்துக் கட்டணத்தை ஏற்றுங்கள், பதினேழே முக்காலுக்கு இனி யாரும் இரண்டு வாரத்தைப் பூட்ட வேண்டாம். உள்ளூராருக்கு முன்னுரிமை என்றால், போன ஆண்டு மாநிலத்தின் பூங்காக்களில் எத்தனை இரவு கழித்தார் என்பதைத் தங்கள் கணினியே எண்ணிச் சொல்லட்டும், தபால் பெட்டியைக் கேட்க வேண்டாம்.

பதில் அனுப்புவதாக இருந்தால் டகோட்டா முகவரிக்கு அனுப்பலாம், அங்கிருந்து தபால் எங்களைத் தேடிப் பிடிக்கச் சில வாரமாகும். அதற்குள் எங்களில் பலர் டெக்ஸஸ் போய்விடுவார்கள். கார்பஸ் கிறிஸ்டிக்குப் பக்கத்தில், பேட்ரே தீவின் தெற்குக் கடற்கரையில் முன்பதிவே கிடையாது. அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டு மணலிலேயே ஓட்டிப்போய், கிடைத்த இடத்தில் நிறுத்த வேண்டியதுதான். மின்சாரமும் தண்ணீரும் அங்கே இல்லை. தங்களுக்கென்று எடுத்துவைத்த அந்த 36 டாலர் கார்பஸ் கிறிஸ்டி மளிகைக் கடையில் செலவாகிக்கொண்டிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் கண்ணில் வெளியார்.