தீப்பெட்டி ஊரின் 'அடச்சே'

தன் மடத்தனத்தைத் தானே கண்டுகொண்ட கணத்தில் வாயிலிருந்து தெறிக்கும் ஒலி 'ச்சே'. கொஞ்சம் கனமான மடத்தனம் என்றால் 'அடச்சே'. மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்பது தமிழ் இலக்கண விதி. 'ச்சே', 'ப்ச்' இரண்டுமே அதை மதிப்பதில்லை. புத்தி தடுக்கி விழும்போது இலக்கணம் மட்டும் நிமிர்ந்து நிற்குமா? தொல்காப்பியம் கூறும் மெய்ப்பாடுகள் எட்டு. அசட்டுத்தனத்துக்கு அதில் தனி இருக்கை கிடையாது. 'நகை' எனும் சிரிப்பின் திண்ணையில் ஓரமாக உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான்.

இவ்வொலிகளைக் கேட்கத் தோதான இடம், ஆடிக் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடி. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் மாரியம்மன் கோயில். கால் வைக்க இடமிருக்காது. சிவகாசியிலிருந்து ஒரு குடும்பம் மாவிளக்குப் போட வந்திருப்பதாகக் கொள்வோம். மாவு, வெல்லம், நெய், திரி எல்லாம் வந்துவிட்டன. தீப்பெட்டி வரவில்லை. 1923 முதல் நாட்டுக்கே தீப்பெட்டி செய்து அனுப்பும் ஊர் சிவகாசி.

மனைவி "ஆத்தாடி!" என்கிறார். இது அதிர்ச்சி மட்டுமே. குற்ற ஒப்புதல் அன்று. கணவர் நெற்றியில் அடித்துக்கொண்டு "அடச்சே!" என்கிறார். அடுத்தது, "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்." தண்டனை ஆளுக்கு இல்லை, புத்திக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். செருப்பும் வெளியே கிடப்பதால் தீர்ப்பு நிறைவேற வழியில்லை. 'ஐயோ' என்று வாயெடுத்தால் பெரியவர்கள் அதட்டுவார்கள். அது எமன் பெண்டாட்டியின் பெயராம். அந்த அம்மாளைத் தெலுங்கரும் மலையாளிகளும் கன்னடரும் சிங்களவரும் ஓயாமல் கூப்பிடுகிறார்கள். 2016இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியும் அவருக்கு இடம் கொடுத்தது.

அதே அகராதியில் 2001இலேயே ஏறிவிட்டது 'டோ!'. 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரின் ஹோமர், தன் காரியம் தனக்கே வினையாகும்போது போடும் சத்தம் அது. திரைக்கதையில் அதைச் சொல்லாக எழுதாமல் 'எரிச்சல் முனகல்' என்று குறிப்பதே வழக்கம். ஜப்பானியர் 'ஷிமத்தா' என்பார்கள். 'முடித்துவிடுதல்' என்ற வினையிலிருந்து வந்தது. நம்மூர்ப் 'போச்சுடா!'வுக்குப் பக்கத்து வீடு.

இவையெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொள்பவை என்று நினைப்பது வழக்கம். சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1978இல் எழுதிய கட்டுரையில் இதை ஏற்கவில்லை. தவறியது இந்த ஒரு முறைதான், மற்றபடி ஆள் சரியானவர் என்று பக்கத்திலிருப்பவருக்குத் தெரிவிக்கவே இவை எழுகின்றன என்றார். இருக்கன்குடியில் இது உடனே பலிக்கும். 'அடச்சே' உரக்க வந்ததும் பக்கத்து மாவிளக்குக்காரர் தம் தீப்பெட்டியை நீட்டுகிறார்.

வாங்கிப் புரட்டிப் பார்த்தால், முதுகில் சிவகாசி முகவரி. இம்முறை வருவது வெறும் 'ப்ச்'.