ஒரு திருகாணியும் இரண்டு கசட்டும்: ஊவாத் தோட்டப்புற ஒலியியல் பற்றிய ஆய்வு

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் பேர்லின் கண்காட்சியில் கசட்டை அறிமுகப்படுத்தியது. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், ஓட்டம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். அளவு ஒன்றே என்பதால் எந்தக் கசட்டும் எந்தச் செட்டிலும் பாடும் என்பது சித்தாந்தம். கொஸ்லந்தைக்கு மேலே மீரியபெத்தை முதலான லயங்களில் இது செல்லாது என நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். (2014 அக்டோபர் 29இல் மண்சரிவு மீரியபெத்தை லயங்களைக் கொண்டுபோய்விட்டது. இங்கே பேசுவது அதற்கு வெகு முந்திய, செட்டுகள் பெட்டரியில் பாடிய காலத்தைப் பற்றி.)

ஆய்வுப் பொருள்கள் இரண்டு. ஒன்று, மாமியார் பதுளை டவுனில் வாங்கிய பக்திப்பாடல் கசட். மற்றது, குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போன மருமகள் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியது.

வேகத்தை முதலில் முடித்துவிடலாம். அங்கே மின்சாரத்தில் பதிந்த குரல், இங்கே சம்பளத்துக்கு முந்திய வாரத்துப் பெட்டரியில் ஓடுகிறது. ஓட்டம் நூற்றுக்கு ஆறு குறைந்தால் குரல் அரைச்சுருதி இறங்கும். பெட்டரியோ அதோடு நிற்பதில்லை. "இது நம்ம புள்ள கொரலாடா? கங்காணி பேசுற மாதிரியில்ல இருக்கு" என்பது மாமியாரின் அவதானம். பெட்டரியை வெயிலில் காயவைப்பதே நிவாரணம். அப்புத்தளைப் பக்கத்து மூடுபனியில் வெயிலுக்கு எங்கே போவது என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

அடுத்தது, நாடா உரசிப்போகும் ஹெட்டின் சாய்வு. இதுவே விவகாரத்தின் வேர். நொடிக்கு 10,000 அதிர்வுள்ள ஒலியின் ஓர் அலை, நாடாவில் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கும் குறைவான இடத்தையே பிடிக்கும். மோனோ செட்டில் ஒலித்தடத்தின் அகலம் சுமார் 1.5 மில்லிமீட்டர். பதிந்த ஹெட்டும் பாடும் ஹெட்டும் ஒன்றுக்கொன்று ஐந்தில் ஒரு பாகை கோணினாலே அந்த ஒலி அழிந்துபோகும். முதலில் பலியாவது சகரத்தின் சீற்றம். மருமகள் 'சுகமா' என்று கேட்டது லயத்தில் 'உகமா' என்று விழுந்தது. அதைவிட, 'சம்பளம்' என்ற சொல் தெளிவில்லாமல் போனதுதான் குடும்பத்தைப் பெரிதும் கலக்கியது.

டவுனிலிருந்து ரேடியோ திருத்தும் பாஸ் வந்தார். ஹெட்டுக்குப் பக்கத்திலுள்ள சிறு திருகாணியை, கசட் ஓட ஓட, காதைச் சாய்த்து மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். குவைத் துலங்கியது, 'சம்பளம்' கணீரென்று கேட்டது. அந்தக் கணமே முருகன் பாட்டு கம்பளிக்குள் போய்விட்டது. ஹெட் ஒன்று, கசட் இரண்டு. இரண்டுக்கும் நடுவே நிறுத்தினால் இரண்டும் மங்கும். பொறியியல் நடுநிலை என்பதன் இலட்சணம் இவ்வளவுதான்.

கடைசியில் பாஸ், திருகாணியைச் சுற்றி நகப்பூச்சால் இரண்டு புள்ளி வைத்தார். சிவப்பு மருமகளுக்கு, ரோஸ் முருகனுக்கு. வெள்ளிக்கிழமை ரோஸ், மற்ற நாளெல்லாம் சிவப்பு என்று மகன் தீர்ப்புச் சொன்னான். மாமியார் தீர்ப்பை ஏற்றுக்கொண்டு, திருப்புளியை எடுத்து மடியில் முடிந்துகொண்டார்.