கிணறு ஊறும் நேரம்

கார்த்திகை தீபத்தையொட்டித் திருவண்ணாமலையில் நடக்கும் மாட்டுச் சந்தைக்குத் தாத்தா போனால், தீபமும் பார்த்துவிட்டுக் கவலை மாடு ஒரு ஜோடியும் ஓட்டிக்கொண்டு வருவார். வண்டி மாடு வேறு, கவலை மாடு வேறு. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கிற கவலையில் பூட்டும் மாடு வடத்தை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்க வேண்டும். இறங்கியபின் திரும்பாமல் பின்பக்கமாகவே மேடு ஏற வேண்டும். அதனால் பல்லைப் பிடித்துப் பார்க்கும் முன்பே, மாட்டைப் பின்னுக்கு நடக்கவிட்டுப் பார்ப்பார்.

செங்கம் சாலைப் பக்கம் எங்கள் நிலம். கிணற்றடியில் நின்றால் மலை தெரியும். கோழி கூவும் முன்பே கவலை பூட்டிவிடுவார்கள். இரும்புச் சால் அமிழ்ந்து நிறைந்ததும் தாத்தா வடத்தின்மேல் உட்கார்ந்துகொள்வார். அவர் உடம்பு பாரமும் மாட்டுக்குத் துணை. சாலின் அடியில் தைத்த தோல் தும்பியை வால்கயிறு மடக்கித் தூக்கிப் பிடித்திருக்கும். மேலே வந்தவுடன் தும்பி உருளைமேல் நீண்டு தொட்டியில் தண்ணீரைக் கொட்டும். பிறகு மறுபடி மேடு, மறுபடி சரிவு.

உருளை செய்தவர் தச்சர், சால் அடித்தவர் கொல்லர். தும்பி தைத்தவருக்குக் களத்தில் நெல் அளப்பார்கள். தும்பி கிழிந்தால் பயிர் காய்ந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவரை எங்கள் தெருவில் செருப்புப் போட்டு நடக்கவிட்டதில்லை.

உச்சிவெயிலுக்குள் சால் பாறையில் இடிக்கத் தொடங்கும். "போதும், அவுத்து உடுறா. கெணறு ஊறட்டும்" என்பார் தாத்தா. மாடும் அதற்குள் நுரை தள்ளியிருக்கும். இரண்டுக்கும் ஒரே நேரத்தில்தான் ஓய்வு.

எழுபதுகளில் முதலில் ஆயில் இன்ஜின் வந்தது, அப்புறம் ஐந்து குதிரைத்திறன் மின்மோட்டார். அன்று ஆயா மோட்டாருக்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டதை நான் பார்த்தேன். மாட்டுக் கழுத்துப் புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவியவள் அவள்தான். கவலை ஒழிந்ததில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை.

மின்சாரத்தோடு ஐ.ஆர்.8, ஐ.ஆர்.20 நெல்லும் வந்தன. ஒருபோகம் விளைந்த இடத்தில் இரண்டு, மூன்று போகம். அப்போது திருவண்ணாமலை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1973-74இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த மாவட்டத்துக் கிராமங்களில் தங்கிப் பசுமைப் புரட்சியை ஆராய்ந்து புத்தகமே போட்டார்கள். பக்கத்து ஊர்களிலெல்லாம் அரிசி ஆலை வந்ததும், நெல் குத்தி அரைவயிறு கழுவிய பெண்களின் உலக்கை மூலையில் சாய்ந்தது. அவர்களுக்கு மாற்று வேலை என்ன என்று அன்று யாரும் யோசிக்கவில்லை.

1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. மோட்டாருக்குக் களைப்புக் கிடையாது, கட்டணமும் கிடையாது. கரண்ட் இருக்கும் நேரமெல்லாம் ஓடியது. எங்கள் மண்ணுக்கு அடியில் கெட்டிப் பாறை. மேலே மக்கிய பாறையிலும் கீழே வெடிப்புகளிலும் தேங்குவதுதான் தண்ணீர். வெடி வைத்து ஆழப்படுத்தினோம், பக்கவாட்டில் துளை போட்டோம், பிறகு ஆழ்துளைக் கிணறு. பக்கத்து நிலத்துக்காரர் இறக்கினால் நாமும் இறக்கித்தான் ஆக வேண்டும். இப்போது எண்ணூறு அடிக்கும் கீழே போயாயிற்று. ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை செய்யும் அண்ணன் மகன் அங்கிருந்தே கைப்பேசியில் மோட்டாரைப் போடுகிறான். அது தண்ணீர் இறைக்கிறதா, வெறும் காற்றா என்று போய்ப் பார்த்துச் சொல்வது என் வேலை.

தும்பி தைத்தவரின் பேத்தி செய்யாறு சிப்காட்டில் ஷூ தைக்கிறாள். மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் சம்பளம். லீவில் வந்தால் ஸ்கூட்டியில் எங்கள் தெரு வழியாகத்தான் போகிறாள், நின்று, "நல்லாருக்கீங்களா அண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். இந்த ஐம்பது வருஷத்தில் வந்த மாற்றங்களில் என் மனசு நிறைந்தது இதில்தான்.

பழைய கிணற்றை மூடிவிடச் சொல்கிறார்கள். கிரிவலக் கூட்டம் பெருகப் பெருக ஊர் இந்தப் பக்கமும் நீள்கிறது, மனைக்கு நல்ல விலை. நான் ஒத்துக்கொள்ளவில்லை. வயலில் ஓடும் மழைத்தண்ணீரைக் கூழாங்கல்லும் மணலும் போட்ட தொட்டியில் வடிகட்டிக் கிணற்றுக்குள் விடக் கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் தொட்டி எழும்பிவிட வேண்டும்.