தேருக்குச் சறுக்குக்கட்டை போடுத ஊருலே இது!

ஏலே பேராண்டி, இங்கன வா. மூணு நாளா அந்தச் செல்லுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு என்னத்தத் தேடுத? பொண்ணு பாக்கியோன்னு நெனச்சேன். கட்டை பாக்கியாம்லா! டயருக்கு அண்டக் குடுக்குத கட்டை. மஞ்சளா, கருப்பா, கயிறு வச்சதா, வைக்காததான்னு ஒரே கொழப்பமாம். எங்க காலத்துல பொண்ணு பாக்கவே ஒரு மத்தியானந்தாம்லே ஆச்சு.

சரி, வண்டிய வாங்கிட்ட. கார் பின்னால வீட்டயே இழுத்துக்கிட்டுப் போற வண்டி. உள்ள கட்டில், அடுப்பு, கக்கூசு எல்லாம் இருக்கு. பக்கத்துக்கு ரெண்டு சக்கரம். இம்புட்டையும் தூக்கிட்டுப் போறதுக்கு வீட்டுலயே இருந்துட்டா என்னன்னு உங்க ஆச்சி கேக்கா. நான் கேக்கல.

நான் கேக்கது வேற. மாட்டு வண்டியில மாட்ட அவுத்தா என்ன ஆவும்? நுகத்தடி தரையில படுத்துக்கிடும். மூக்கு மண்ணுல குத்துன வண்டி எங்கன ஓடும்? உன் வண்டிக்கு மூக்குலயும் ஒரு குட்டிச் சக்கரம் மாட்டி வச்சிருக்கான். கொக்கியக் கழட்டுனா அது கயிறு அறுத்த கன்னுக்குட்டி. அதனால, நிப்பாட்டும்போது மொதல்ல கட்டை, அப்புறம் கொக்கியக் கழட்டு. கெளம்பும்போது மொதல்ல கொக்கிய மாட்டு, அப்புறம் கட்டைய எடு. இத மாத்திச் செய்யுத பயலுக்குப் பொன்னுல கட்டை செஞ்சு குடுத்தாலும் வண்டி ஆத்துலதான் கெடக்கும்.

நெல்லையில பெறந்துட்டு கட்டையப் பத்திச் செல்லுகிட்டயா கேப்பாவ? ஆனித் திருவிழாவுல நெல்லையப்பர் தேரப் பாத்திருக்கியா, இல்ல அப்பவும் செல்ஃபிதான் எடுத்தியா? 450 டன்னுன்னு சொல்லுதாவ. ஐநூறு வருசமா ஆளுவ வடம் புடிச்சுத்தான் இழுக்காவ. ஸ்டீரிங் உண்டா அதுக்கு? பின்னால தடி போட்டு நெம்புவாவ, தேரு நவுரும். முன்னால சறுக்குக்கட்டை போடுதவரு சக்கரத்தோட சக்கரமா நடப்பாரு. அவரு கண்ணு சாமி மேல இருக்காது, சக்கரத்து மேலதான். வாகையடி முக்குல திருப்பணுமா? ஒரு சக்கரத்துக்கு முன்னால கட்டையச் சாய்ச்சுப் போடுவாரு. சக்கரம் அதுல ஏறி வழுக்கும், தேரு மூஞ்சியத் திருப்பும். ஒரு வெரக்கட தப்புனா தேரு ஏதாவது கடைக்குள்ள போயி யாவாரம் பாக்கும்.

திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் கம்பெனிக்காரவ இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செஞ்சு குடுத்தாவ. அதுக்கப்புறமும் முட்டுக்கட்டைக்காரர வீட்டுக்கு அனுப்பலையே! நாமதான் காரியத்தக் கெடுக்கவன முட்டுக்கட்டை போடுதான்னு வையுதோம். வையுதவன ஒரு நாள் தேருக்கு முன்னால நிப்பாட்டணும்.

சரி, உன் டயருக்கு வருவோம். கட்டை, டயர் உசரத்துல கால்வாசியாவது இருக்கணும். உள்ள ஒண்ணுமில்லாத பிளாஸ்டிக்க வாங்குனா டயர் அத அப்பளமா நொறுக்கும். தாருலயும் சிமெண்டுலயும் ரப்பர் கவ்வும். ஆத்தங்கரை ஈர மண்ணுன்னா அடியில ஒரு பலகையப் போடு. எறக்கம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம், ரெண்டு வரிசைச் சக்கரத்துக்கும் வையி. ஒட்டி வச்சு ஒரு மிதி மிதி. எறக்கம் எதுன்னு தெரியலையா? பூசை போட்டு டயருக்கு அடியில எலுமிச்சம்பழத்த நசுக்குனியே, ஒண்ண மிச்சம் வச்சிருந்தா உருட்டிப் பாத்திருக்கலாம்.

ரெண்டு டயருக்கு நடுவுல வச்சுத் திருகுத இரும்பையும் காட்டுன. கெட்டிக்காரத்தனம்தான். ரெண்டு டயரையும் எதிரெதிர்ப் பக்கமா நெட்டித் தள்ளி நெருக்குது. உள்ள நீ பொரண்டு படுத்தா வண்டி ஆடாது. புதுசாக் கல்யாணம் ஆனவன் வாங்கிக்கிடலாம். ஆனா மத்தியான வெயிலுல டயர் விம்மும், ராத்திரி குளுந்தா சுருங்கும். காலையில பாத்தா திருகு தளந்து நிக்கும். அது ஆட்டத்துக்கு. ஓட்டத்துக்குக் கட்டைதாம்லே.

கல்லு வச்சா போதாதான்னு கேக்க. வச்சிருக்கேன், கேளு. லாரியில கிளீனரா இருந்தப்ப, பாபநாசம் மலை ரோட்டுல டிரைவர் "கல்லு போடுலே"ன்னாரு. ஆத்துல கெடந்த கல்லத் தூக்கிட்டு ஓடுனேன். தாமிரபரணிக் கல்லு. தண்ணி தேச்சுத் தேச்சு அம்மிக் கொழவி மாதிரி வழவழன்னு இருக்கு. டயர் தொட்டுச்சு, கல்லு உருண்டுச்சு, பின்னாலயே லாரியும் உருண்டுச்சு. ஒரு புளியமரம் லாரியத் தாங்கிக்கிட்டு. டிரைவர் கையிலருந்து என்னத் தாங்கத்தான் ஆளில்ல.

நாளைக்குக் காரையார் போறியாமே? கதவுக்கு அண்டக் குடுத்திருக்கமே ரெண்டு புளியங்கட்டை, அத எடுத்துக்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள கொண்டாந்திரு. அதுவரைக்கும் ராத்திரி கதவுக்கு முதுகக் குடுத்து ஒக்காந்திருக்கப் போறது நாந்தான்.