தாய்ப் பத்திரமும் ஒரு கல்யாணப் பத்திரிகையும்

சிட்லப்பாக்கத்தில் இரண்டாவது மாடி, 840 சதுர அடி, பழைய ஃப்ளாட். நாங்கள் அதைப் பார்த்தது கால் மணி நேரம் இருக்கும். அதில் பாதி நேரம் என் மனைவி சமையல் மேடையின் உயரத்தைத் தன் இடுப்போடு வைத்து அளந்துகொண்டிருந்தாள். மீதி நேரம் புரோக்கர் பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "காத்து பாருங்க சார்" என்றார். எதிர் வீட்டு முருங்கையில் ஓர் இலை அசையவில்லை. "இப்ப இல்ல சார், சாயங்காலம்" என்றார்.

அதன் பிறகு பத்திரம் பதிவாகிற வரைக்கும் அந்த வீட்டை யாரும் பார்க்கவில்லை. பேங்கிலிருந்து மதிப்பீட்டுக்கு வந்த இன்ஜினீயர் வாசலில் நின்று நாலு போட்டோ எடுத்தார். உள்ளே வந்தது தண்ணீர் குடிக்கத்தான். மற்ற எல்லோரும் பார்த்தது காகிதத்தை. பாத்ரூமில் ஒழுகுகிறதா, சுவரில் விரிசல் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த மண்ணில் ஒரு காலத்தில் வேர்க்கடலை போட்டவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று எல்லோரும் கேட்டார்கள்.

வக்கீலை மாமனார் பிடித்துக் கொடுத்தார். சிவில் மட்டும் பார்ப்பவர், எழுபதைத் தொட்டவர். "அவர் பார்த்து சரின்னு சொல்லிட்டா அந்தச் சொத்து மேல ஆண்டவனே வந்து கேஸ் போட முடியாது மாப்பிள்ளை" என்பது மாமனார் தந்த நற்சான்று.

"கிழக்குப் பார்த்த வாசல் சார், லிஃப்ட் இருக்கு..." என்று ஆரம்பித்தேன். அவர் கையை நீட்டினார். "தாய்ப் பத்திரம்."

2005-இல் பில்டர் எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரத்தை நீட்டினேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இது நேத்து வந்தது தம்பி. இதுக்கு முன்னாடி?"

முன்னாடி என்றால், 1992-இல் மனை வாங்கி வீடு கட்டிய ஒரு பேங்க் ஆபீசர். அவர் காலமான பிறகு குடும்பத்தார் பில்டரிடம் கொடுத்து அடுக்குமாடி ஆக்கியிருந்தார்கள். ஆபீசருக்கு விற்றது ஒரு விவசாயக் குடும்பம். அதற்கும் முன்னால் அந்தக் குடும்பத்துப் பெரியவரின் அப்பா, அவருக்கு எழுதிக்கொடுத்த இன்னொருவர் என்று நூல் பிடித்துக்கொண்டு போனார் வக்கீல். பேங்கில் முப்பது வருஷ வில்லங்கம் போதும் என்கிறார்களே என்று சொல்லிப் பார்த்தேன். "அவங்களுக்கு வட்டி வந்தா போதும். நீங்கதானே குடியிருக்கப் போறீங்க?" என்றார்.

வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நானும் மனைவியும் சீரியலை நிறுத்திவிட்டு அதைப் பார்க்க ஆரம்பித்தோம். ஒரு வரியில் அடமானம், நாலு வரி தள்ளி அதற்கு ரசீது, அப்புறம் பாகப்பிரிவினை, அண்ணன் தம்பிக்கு எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம், மூன்றே மாதத்தில் அதற்கு ஒரு ரத்துப் பத்திரம். "அந்த மூணு மாசத்துல என்னங்க நடந்திருக்கும்?" என்று மனைவி லைட்டை அணைத்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தாள். இதில் விளம்பர இடைவேளை வேறு கிடையாது.

நிலம் இருந்த இடத்தில்தான் இருந்தது. மாவட்டம்தான் ஊர்சுற்றியிருக்கிறது. பழைய பத்திரத்தில் செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை தாலுகா. அடுத்ததில் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம், தாம்பரம் தாலுகா. 1997-க்குப் பிறகு காஞ்சிபுரம் மாவட்டம். 2019-இல் திரும்பவும் செங்கல்பட்டு. பேரூராட்சியாக இருந்தது 2021-இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் போய்விட்டது. ஆட்களும் இப்படித்தான். அந்தப் பெரியவருக்கு ஒரு பத்திரத்தில் ஓர் இனிஷியல், அடுத்ததில் இரண்டு, பட்டாவில் இனிஷியலே இல்லை. மூன்று பேரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் வாங்கச் சொன்னார் வக்கீல். கொடுக்க வேண்டியவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ஏரி உள்ள ஊர் ஆயிற்றே என்று 'ஏ' பதிவேட்டையும் புலப்பட நகலையும் விரித்து வைத்து, சர்வே எண் புறம்போக்கில் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். "மண்ணு சுத்தம். இனி மனுஷாளைப் பார்ப்போம்."

மனுஷாளில்தான் மாட்டியது. 1992 கிரயத்தில் பெரியவரின் இரண்டு மகன்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். "பொண்ணு இருக்கே, அது கையெழுத்து எங்கே?" என்றார் வக்கீல்.

விஷயம் இதுதான். பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பங்கு உண்டு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசுக்கு அந்த யோசனை வர 2005 ஆயிற்று. ஆனால் நம் திருத்தத்தில், அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமாகிப் போன பெண்களுக்குப் பங்கு இல்லை. ஆகவே நான் சிட்லப்பாக்கத்தில் நிம்மதியாகத் தூங்குவது, முன்பின் தெரியாத ஓர் அம்மாளின் கழுத்தில் எந்தத் தேதியில் தாலி ஏறியது என்பதைப் பொறுத்தது.

"பன்னெண்டு வருஷம் தாண்டிட்டா யாரும் வந்து பங்கு கேட்க முடியாது சார்" என்றார் புரோக்கர், பாதி வக்கீல் என்ற உரிமையில்.

"கேட்க முடியாதுன்னு தீர்ப்பு வரும்யா. கேஸ் போட முடியாதுன்னு யார் சொன்னது? அது நடக்கற இருபது வருஷமும் இவர்கூட நீ வந்து கோர்ட்டுல நிப்பியா?"

புரோக்கர் நிற்பதைவிடத் தேடுவது மேல் என்று முடிவு செய்தார். குடும்பத்தின் இளைய மகன் பம்மலில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். நானும் போனேன். விஷயத்தைக் கேட்டதும் பெயிண்ட் டப்பா மேல் உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார். "தங்கச்சிகிட்ட பேசியே பல வருஷமாச்சுங்க. கேட்டு வாங்கறதுக்கில்ல. அம்மாவோட டிரங்குப் பெட்டியில பாக்கறேன்" என்றார்.

கிடைத்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. மஞ்சள் பழுப்பாகி, தாள் மடிப்பில் கிழிந்திருந்தது. மேலே பிள்ளையார். கீழே உற்றார் பெயர்கள் வரிசையில், உயரம் குறைந்துகொண்டே போகிற எழுத்தில். பின்பக்கம் யாரோ பென்சிலில் பால் கணக்கு எழுதியிருந்தார்கள். முகூர்த்தம், 1989 தை மாதம். அதாவது மார்ச் 25-க்கு முன்னால். வக்கீல் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், முன்னும் பின்னும் ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார். பால் கணக்கு எதற்கு என்று கேட்டேன். "இருக்கட்டும். பழசுங்கறதுக்கு அத்தாட்சி."

இதற்குள் பேங்க் கடன் தந்திருந்தது. அந்தக் கதையில் கையெழுத்துகளைத் தவிர ஒன்றும் இல்லை. ஒரு விஷயம் மட்டும் உறைத்தது: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 56 லட்சத்துக்கு ஐந்து லட்சத்துச் சொச்சம். கடன் எவ்வளவு தரலாம் என்று கணக்குப் போடும்போது பேங்க் இந்தப் பணத்தை வீட்டு விலையில் சேர்க்காது. அது நம் சட்டைப் பையிலிருந்து வர வேண்டும். இவ்வளவும் கொடுத்து எனக்குச் சொந்தமாகும் பூமி 412 சதுர அடி, பிரிபடாத பாகம். அந்த 412 எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னால் யாராலும் முடியாது. கார் நிறுத்துமிடத்தில் இருக்கலாம், செப்டிக் டேங்க் மேல் இருக்கலாம்.

விற்கும் பெரியவர் நல்ல மனிதர். ஆனால் 50 லட்சமும் அதற்கு மேலும் போகிற சொத்துக்கு, வாங்குகிறவர் 1 சதவீதம் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும் என்று நான் சொன்ன நாளிலிருந்து என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டது.

"என் வீடு. என் பணம். நீங்க யாரு தம்பி பிடிக்கிறதுக்கு?"

"நான் இல்ல சார், கவர்ன்மென்ட்டு. உங்க பான் நம்பர்லதான் கட்டுவேன். கணக்குத் தாக்கல் பண்றப்ப உங்களுக்கே கழிஞ்சுரும்."

"கவர்ன்மென்ட்டு பிடிக்கிறதுன்னா கவர்ன்மென்ட்டு வந்து பிடிக்கட்டும்."

படிவம் 26கியூபி-யின் ரசீதை அச்செடுத்துக் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நம்பியதாகத் தெரியவில்லை.

டாக்குமெண்ட் ரைட்டரின் இடம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் டிபன் கடைக்கும் நடுவே. 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம், 100 ரூபாயும் அதற்கு மேலும் பெறுகிற அசையாச் சொத்தை விற்றால் பதிந்தே ஆக வேண்டும் என்கிறது. அந்த டிபன் கடையில் 100 ரூபாய்க்கு இரண்டு பேர் வயிறார முடியாது. ரைட்டர் கம்ப்யூட்டரில் தட்டிய வரைவைப் படித்தேன். கம்ப்யூட்டர் வந்துவிட்டதே தவிர, பத்திரம் இன்னும் ஜமீன் காலத்தை விட்டு இறங்கவில்லை. நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் சகிதம் சொத்தை எனக்கு எழுதி வைத்திருந்தார்: புதையல், புதைத்து வைத்த பொருள், நீர், மரம், கல் எல்லாம் என்னுடையவை. இரண்டாவது மாடியில் புதையலுக்காகத் தோண்டினால் முதல் மாடிக்காரர் ஹாலில்தான் போய் விழுவேன். அதற்கும் கீழே "கிணறு, மின் மோட்டார், பம்பு செட் உட்பட" என்று ஒரு வரி.

"இதுல கிணறு இல்லையே சார்."

"அது இருக்கட்டும்."

"பம்பு செட்டும் இல்ல."

"ஃபார்மட்டு சார் அது. ஒண்ணை எடுத்தா இன்னொண்ணு இடிக்கும். இருக்கறதால உங்களுக்கு என்ன நஷ்டம்? நாளைக்கே அங்க ஒரு கிணறு இருந்துச்சுன்னு வைங்க, யாருதுன்னு கேள்வி வராதா?"

பதிவு நாளை மனைவியும் மாமனாரும் பஞ்சாங்கத்தைப் பார்த்துக் குறித்தார்கள். அவர்களைப் போலவே சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் குறித்திருந்தார்கள். அரசாங்கத்துக்கும் இது தெரியும். சாதாரண நாளில் 100 டோக்கன் தருகிற அலுவலகத்தில் முகூர்த்த நாளில் 150 தருகிறார்கள். ராகு காலத்தில் அலுவலகம் கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்த நேரம் மாதிரி இருந்தது, எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், யாரும் எதுவும் செய்யவில்லை. ராகு காலம் முடிந்த நிமிஷம் மொத்தக் கூட்டமும் ஒரே கதவுக்குள் நுழையப் பார்த்தது.

எங்கள் முறை வந்தபோது பெரியவரின் விரல் ரேகை இயந்திரத்தில் விழ மறுத்தது. வலது பெருவிரல், இடது பெருவிரல், வேட்டியில் துடைத்து ஒரு தடவை, ஊதி ஒரு தடவை. "தலையில தேய்ச்சுட்டு வைங்க ஐயா, எண்ணெய்ப் பசை வேணும்" என்றார் ஆபரேட்டர். பெரியவர் தன் தலையைத் தடவிப் பார்த்தார். அங்கே எண்ணெய் வைக்க ஒன்றும் இல்லை. ஒரு நொடி என் தலையைப் பார்த்தார். நான் குனிந்தேன். என் முடியில் தேய்த்து வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. அந்த வீட்டை எனக்கு விற்றதில் என் தேங்காய் எண்ணெய்க்கும் பங்கு உண்டு.

சார்பதிவாளர் அம்மா நிமிர்ந்து பார்த்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். "சம்மதத்தோடதான் எழுதித் தர்றீங்களா? பணம் முழுக்க வந்துருச்சா?"

"வந்துருச்சும்மா. 56,000 குறையுது."

அறையில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், சாட்சிக்கு வந்த என் மாமனார் உட்பட. 26கியூபி ரசீது பெரியவரின் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுக்கவைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

புதுமனை புகுவிழாவுக்கு மனைவி ஒரு பட்டியல் போட்டாள். வில்லங்கச் சான்றில் படித்தவர்களில் உயிரோடு இருப்பவர்களை அழைத்தே தீர வேண்டும் என்றாள். பம்மல்காரர் வந்தார். பக்கத்தில் பட்டுப்புடவையில் ஓர் அம்மாள். பத்திரிகையைத் தேடி எடுத்த அன்று இரவு மனசு கேட்காமல் தங்கைக்குப் போன் போட்டாராம், அன்றிலிருந்து பேச்சு. எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். அந்த அம்மாள் பால்கனியிலிருந்து கீழே எட்டிப் பார்த்து, "அந்த சிவப்புக் காரு நிக்குதே, அங்கதான் எங்க கிணறு" என்றார். பம்பு செட் எங்கே இருந்தது என்று நான் கேட்கவில்லை.

பந்தியில் வக்கீலுக்கு எதிரே அவரை உட்கார வைத்தோம். மனைவி பெருமையாக, "உங்க கல்யாணப் பத்திரிகையாலதாங்க இந்த வீடே எங்களுக்குக் கிடைச்சுது" என்றாள்.

அந்த அம்மாள் சிரித்தார். "அதை இன்னும் வச்சிருக்கானா இவன்? அந்தத் தேதியில எங்கேம்மா கல்யாணம் நடந்துச்சு? மாப்பிள்ளையோட தாத்தா தவறிட்டாரு. பத்திரிகை குடுத்ததெல்லாம் வீணாப் போச்சு. வைகாசியிலதான் வச்சாங்க."

வக்கீல் கையிலிருந்த வடையை இலையில் வைத்தார். நான் விரல் விட்டு எண்ணினேன். தை, மாசி, பங்குனி, சித்திரை. மார்ச் 25 பங்குனியிலேயே போய்விட்டிருந்தது. பரிமாறிக்கொண்டிருந்த புரோக்கர், "பன்னெண்டு வருஷம் தாண்டிருச்சு சார்" என்று என் காதில் ஓதினார். வக்கீல் அவரைப் பார்க்கவே இல்லை. என் மனைவியைத்தான் பார்த்தார்.

"என்னம்மா நின்னுட்டிருக்க? அவங்களுக்குப் பாயசம் போடு. அடியிலேருந்து முந்திரியாப் பாத்து எடுத்துப் போடு."