கைக்கு எவ்வளவு வரும்?

அந்தக் காலத்தில் கடன் கேட்க வந்தவர்கள் கடனைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். திண்ணையில் உட்கார்ந்து, கண்மாய் நிரம்பிவிட்டதா, பெரியவளுக்கு வரன் ஏதும் தகைந்ததா என்று ஊர்க்கதை முழுக்க ஒரு சுற்று சுற்றி, காபி டம்ளர் காலியாகி, எழுந்து செருப்பை மாட்டும்போதுதான் 'ஒரு சின்ன விஷயம்' என்று ஆரம்பிப்பார்கள். கொடுக்கிறவருக்கு அது அவர்கள் தெருமுனை திரும்பும்போதே தெரிந்திருக்கும். எண்பதுகளில் எங்கள் அறந்தாங்கிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது மறந்திருக்காது. இன்றைக்கு நடு இரவில் படுத்துக்கொண்டே கைப்பேசியில் ஓடிபியைத் தட்டினால் பணம் கணக்கில் விழுந்துவிடுகிறது. வரன் தகைந்ததா என்று கேட்கத்தான் ஆளில்லை.

எந்தத் தேவைக்கு எந்த வாசலில் நிற்பது என்பதில் அம்மாவுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. மாசக் கடைசி என்றால் பக்கத்து வீட்டில் கைமாற்று. வட்டி கிடையாது, சீட்டு கிடையாது, ஆனால் சம்பளம் வந்த அன்றே, பால்காரருக்குக் கொடுப்பதற்கும் முன்னால், அது திரும்பிப் போயாக வேண்டும். உரத்துக்கும் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் நகை. கூரை மாற்ற, கல்யாணம் செய்ய, ஏலச்சீட்டு. மொத்தமாகப் பெரிய தொகை வேண்டுமென்றால், கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்துக்கே உரிய மொய் விருந்து: ஆடி, ஆவணியில் ஊரைக் கூப்பிட்டுக் கறிச்சோறு போட்டால், வந்தவர்கள் எழுதும் மொய்யே முதல். வட்டியில்லை, ஆனால் அவர்கள் வைக்கும் விருந்தில் அதைத் திருப்பி, மேலே கொஞ்சம் கூட்டிச் செய்ய வேண்டும், நோட்டுப் புத்தகம் மறக்காது.

ஏலச்சீட்டு நடக்கும் ஞாயிற்றுக்கிழமை எனக்குத் திருவிழா. இருபது பேர், மாதம் 500 ரூபாய், மொத்தம் 10,000. 'ஆயிரத்து ஐநூறு ஒரு தரம்' என்று கேட்கும் குரலில் நாடகக் கொட்டகையின் கம்பீரம் இருக்கும். யாருக்கு அவசரமோ அவர் 2,500 ரூபாய் தள்ளி 7,500 எடுத்துக்கொண்டு போவார். தள்ளியதில் சீட்டு நடத்துபவரின் கமிஷன் 500 போக, மிச்சம் 2,000 ஆளுக்கு நூறாகப் பிரியும். அந்த நூறில் அம்மா வாங்கித்தரும் பூந்திப் பொட்டலம் யாரோ ஒருவருடைய நெருக்கடியின் விலை என்று அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை. அம்மாவுக்குத் தெரியும், ஏலத்தில் அதிகம் தள்ளியவர் வீட்டுக்கு அன்று மாலையே ஒரு நடை போய்வருவாள்.

அடகுக்கடைக்கு என்னையும் கூட்டிப்போவாள். கடைக்காரர் வளையலை உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்து, விழுந்த மஞ்சள் கோட்டில் ஒரு சொட்டுத் திராவகம் விட்டு, கோடு மங்குகிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சின்னத் தராசு. அவர் தொகையைச் சொன்னதும் அம்மா கேட்கும் முதல் கேள்வி, 'கைக்கு எவ்வளவு வரும்?' முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். அடுத்தது, 'எப்ப, எப்படிக் கட்டணும்?' மூன்றாவதை மெதுவாகக் கேட்பாள்: 'கட்ட முடியாமப் போனா எது போகும்?' இந்த மூன்றுக்கும் நேரான பதில் வராத இடத்தில் அவள் நின்றதேயில்லை.

அதனால்தான் தண்டல்காரர் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தியதில்லை. ஆயிரம் என்று பேர். கைக்கு வருவது 850. நாளுக்குப் பத்து ரூபாயாக நூறு நாள். 150 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் பாதி நாள் போவதற்குள் பாதி முதலைத் திருப்பியாகிவிடுகிறது என்பதால், ஆண்டுக் கணக்கில் அது நூறு சதவீதத்தைத் தாண்டிய வட்டி. பழையதெல்லாம் இனித்தது என்று நான் சொல்ல மாட்டேன். மீட்டர் வட்டியும் கந்துவட்டியும் குடும்பங்களை அழித்ததால்தான் 2003-இல் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் வந்தது; அதற்குப் பிறகும் 2017-இல் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்தது. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

போன மாதம் அக்கா மகன் சென்னையில் வீட்டு அட்வான்ஸுக்கு ஒரு லட்சம் தேவை என்று கைப்பேசியை நீட்டினான். 'பன்னிரண்டு சதவீதம்தான் மாமா, ஒரு வருஷத்துல முடிஞ்சிரும்.' அம்மாவின் கேள்விகளை அவனிடம் கேட்டேன். பரிசீலனைக் கட்டணம் 3 சதவீதம், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி. கைக்கு வருவது 96,460. மாதத் தவணை 9,333. மாதாமாதம் முதல் குறைந்துகொண்டே வந்தாலும், வட்டியை மட்டும் கடைசிவரை முழு லட்சத்துக்கே போட்டிருந்தார்கள். 2024 அக்டோபரிலிருந்து கடன் கொடுப்பவர்கள் கட்டாயம் தர வேண்டிய முக்கிய விவரத் தாளைத் திறக்கச் சொன்னேன். கட்டணத்தையும் சேர்த்த ஆண்டு வட்டியைச் சொல்லும் ஏபிஆர் என்ற கட்டத்தில் 28-க்கு மேல் ஓர் எண் இருந்தது. அடகுக்கடையில் அம்மாவுக்கு இப்படியொரு தாள் கிடைத்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள்! இவனோ அதைத் திறக்காமலே 'சம்மதம்' தட்டப் போயிருந்தான். திரையில் தெரியும் வட்டியைப் பார்க்காதே, அந்தக் கட்டத்தைப் பார், தவணை தவறினால் என்ன பிடிப்பார்கள், முன்கூட்டி முடித்தால் அபராதம் உண்டா என்று பார் என்று இப்போது பார்க்கிற பிள்ளைகளிடமெல்லாம் கெஞ்சுகிறேன்.

கடைசியில் அக்கா தன் செயினைக் கழற்றிக் கொடுத்தாள். வங்கியில் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்க்கும் குறைவான வட்டி. கட்டாவிட்டால் செயின் ஏலத்துக்குப் போகும் என்பதையும் மூவரும் உட்கார்ந்து பேசினோம். மாதம் ஒன்பதாயிரம் எடுத்துவைக்க அவன் ஒத்துக்கொண்ட பிறகுதான் வங்கிக்குப் போனோம்.

வருகிற ஆவணியில் மொய் விருந்து முறை அக்கா வீட்டுக்கு வருகிறது. இப்போதெல்லாம் மொய்க்குக் கணினியில் ரசீது வந்துவிட்டது. அழைப்பிதழிலேயே க்யூஆர் கோடு போட்டுவிடலாமா, வர முடியாதவர்கள் அனுப்பிவிடுவார்களே என்று அக்கா மகன் கேட்டான்.

'போடு' என்றாள் அக்கா. 'பக்கத்துலயே, சாப்பிட வராம அனுப்புறவங்க மொய்யை வாங்க மாட்டோம்னும் போடு.'